பன்னிரண்டாவது குழி

மிஸ்,

எங்கள் கோயில் மணியின் பேராலும், மன்னார்த் தீவில் திரிகிற அத்தனை கழுதைகளின் பேராலும் சத்தியம் செய்து சொல்கிறேன்: இனி எழுதப்போகிற கதையை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நம்புகிறவர் யாரேனும் இருந்தால், அவரை உடனே நிழலில் இருத்தித் தண்ணீர் கொடுக்க வேண்டும். நீங்கள் ஒருவர்தான் நம்பக்கூடியவர். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் இறந்து ஒரு வருடமாகிறது என்ற சின்னத் தடையை நான் பெரிதுபடுத்தவில்லை.

இன்று காலை பக்கத்து வீட்டுப் படலைக்குக் கம்பு நடுவதற்காக ஆளுயர இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு போனேன். நான் குத்தின குத்தில் பூமி இரண்டு தரம் அதிர்ந்தது. இந்தியாவில் யாரோ கதிரையிலிருந்து விழுந்திருப்பார்கள். முழங்கை ஆழத்துக்குப் போனதும் ஈரக் களியின் மணம் எழும்பியது. பழைய இரும்பும் மழையும் கலந்தது போல ஒரு மணம். குத்துவதை நிறுத்திவிட்டுக் குனிந்து உள்ளே பார்த்தேன். முதலில் குழியின் பக்கங்களை, பிறகு அடியை, பிறகு அடியில் என்ன கிடக்கிறது என்று. நீங்கள் பார்க்கிற ஒழுங்கில்தான்.

"என்ன ஓடாவியார், புதையலோ?" என்று வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஓம். ராசா ஒருத்தர் நித்திரையாக் கிடக்கிறார். சத்தம் போடாதேங்கோ" என்றேன்.

உண்மையில் அங்கே கிடந்தது ஒரு சோடாப் போத்தல் மூடி. ஆனால் எனக்கு நீங்கள் தெரிந்தீர்கள்: வெயிலில் குப்புறப் படுத்து, ஒரு கையில் ரோச் லைற்றும் மறுகையில் அளவு நாடாவுமாக, ஒரு குழிக்குள் தலையை விட்டபடி.

தொல்லியல் வேலையாக நீங்கள் என்னைத் தேடி வந்த நாளும் இதே மாதிரி வெயில்தான். தோணி கட்டுகிற ஓடாவி நான், அன்றைக்கும் ஒரு தோணியின் முதுகெலும்பைச் சீவிக்கொண்டிருந்தேன். ஆணி இல்லாமல், சீமெந்து இல்லாமல், யன்னல் இல்லாமல் ஒரு வீடு கட்டித் தர முடியுமா என்று கேட்டீர்கள்.

"எந்தக் காலத்து வீடு மிஸ்?"

"இரும்பு வர முந்தின காலத்து வீடு."

"கதவு எப்பிடி?"

"தெரியாது."

"கூரை?"

"அதுவும் தெரியாது."

"அப்ப என்னதான் தெரியும்?"

"குழிகள்" என்று சொல்லி, பன்னிரண்டு கறுப்புப் புள்ளிகள் போட்ட ஒரு கடதாசியை விரித்தீர்கள்.

மிஸ், நான் அத்திவாரம் இல்லாத வீடு கட்டியிருக்கிறேன். கூரை போட முன்னமே குடிபுகுந்த வீடு கட்டியிருக்கிறேன். வீட்டுக்காரருக்கே தெரியாமல் ஒரு வீடு கட்டி முடித்து, அவரைக் கூப்பிட்டுத் திறப்பைக் கொடுத்ததும் உண்டு. ஆனால் வெறும் குழிகளாலான வீடு எனக்கு அதுதான் முதல் தரம்.

பாப்பாமோட்டைப் பக்கத்துப் பற்றைக்காட்டில், குளக்கட்டுக்கு மண் எடுக்க வந்த பெக்கோ இயந்திரம் மேல்மண்ணை வழித்துவிட்டுப் போயிருந்தது. வழித்த இடத்தில் வெளிறின நிலம். அதிலே வட்டம் வட்டமாக இருண்ட கறைகள். அவைதான் உங்கள் புள்ளிகள். "மரம் உக்கிப்போகும் ஓடாவியார். மரம் நிண்ட இடம் போகாது" என்றீர்கள். பதினொரு குழிகள் ஒரு வளையமாக இருந்தன. பன்னிரண்டாவது மட்டும் வளையத்துக்குள்ளே, தனியாக. நிலத்தில் எரிந்த களிமண் கட்டிகளும், பளிங்குக்கல் சில்லுகளும், மட்டி ஓடுகளும் கிடந்தன. எத்தனை ஆயிரம் வருடம் என்று கேட்டேன். கரி சோதனைக்குப் போயிருக்கிறது, வந்தால்தான் வாய் திறப்பேன் என்றீர்கள். நான் அதற்குள் ஊரில் ஐம்பதினாயிரம் என்று பரப்பிவிட்டேன்.

பழைய குழிகளில் பாதி மண்ணை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, மற்றப் பாதியைத் தொடாமல் மணல் போட்டு மூடினீர்கள். "நாளைக்கு என்னைவிடக் கெட்டிக்காரர் வருவினம். அவைக்கும் ஏதாவது மிஞ்சோணும்." அங்கிருந்து முப்பது அடி தள்ளி, அதே அளவில், அதே திசையில் புதிய வீட்டை எழுப்புவதாகத் திட்டம்.

வேலைக்கு நாங்கள் மூன்று பேர். நான், தலைமை ஓடாவி, கட்டடக்கலைச் சக்கரவர்த்தி. முசலிக் கரையிலிருந்து கம்பும் தடியும் ஏற்றிவந்த காதர் நானா. என் ஒவ்வொரு வார்த்தைக்கும் வரி விதிப்பதற்காகவே படைக்கப்பட்டவர். களிமண் வேலைக்குச் செல்வராணி. மலைநாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம், கை வைத்தால் மண் சொன்னபடி கேட்கும்.

முதல் கம்பை இரும்பு தொடாமல் கற்சில்லால் வெட்ட வேண்டும் என்றீர்கள். வெட்டினோம். வெட்டத் தொடங்கும்போது எனக்கு மீசை மட்டும்தான் இருந்தது. முடிக்கும்போது தாடி முழங்காலைத் தொட்டது. காதர் நானா இடையில் இரண்டு நோன்புப் பெருநாள் கொண்டாடிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு நீங்களே மனமிரங்கிக் கோடாலியை அனுமதித்தீர்கள். ஆனால் கொப்பியில் "இரும்பு பாவித்தது" என்று எழுதி, அடிக்கோடும் போட்டீர்கள்.

முதல் குழியையும் அப்படித்தான் தோண்டினோம். நெருப்பில் வாட்டிக் கூராக்கிய வீரை மரத் தடியால் குத்தி, மட்டி ஓட்டால் மண்ணை அள்ளினோம். அரை நாள் போனது. குழியின் அடி சட்டியின் அடியைப் போல் உருண்டு வந்தது. "இப்ப பக்கத்திலை உங்கடை அலவாங்காலை ஒண்டு தோண்டுங்கோ" என்றீர்கள். ஒரு சுருட்டுப் பற்றுகிற நேரத்தில் தோண்டிவிட்டுச் சிங்கம் போல நின்றேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. குழியைத்தான் பார்த்தீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தீர்கள்: ஒன்று சட்டி, மற்றது நேர்ச்சுவரில் கோடு கோடாக விழுந்த போத்தல். எதற்கு இந்த வீண் வேலை என்று அன்றைக்கு நினைத்தேன். என் சொந்தக் கழுத்துக்கே கயிறு திரித்துக் கொடுத்தேன் என்று பிறகுதான் விளங்கியது.

எரிந்த களிமண் கட்டிகளில் தடிகள் பதிந்த தழும்புகள் இருந்தன. எந்தத் தடி? அதைக் கண்டுபிடிக்கச் செல்வராணி புற்றுமண்ணைக் குழைத்து, வீரை, நாவல், நாணல், பனைமட்டை என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொரு உருண்டையில் அழுத்திச் சுட்டு எடுத்தாள்.

"என்ன பிள்ளை, பேக்கரி திறந்தாச்சோ?" என்றார் காதர் நானா.

"ஒங்களுக்கு ஒண்ணு வேணுமா நானா? கடிச்சுப் பாருங்க. பல்லு மிஞ்சுனா காசு வேணாம்."

பழைய கட்டி ஒன்றில் வரிசையாகப் பல் தடங்கள் இருந்தன. குட்டி முதலை கடித்தது என்று நான் உடனே தீர்ப்புச் சொன்னேன். உங்கள் வாயிலிருந்து வழக்கமான இரண்டு சொல் வந்தது: "சாட்சி என்ன?" முதலையைக் கூப்பிட எனக்கு வசதி இருக்கவில்லை. செல்வராணியின் பனைமட்டை உருண்டையைப் பக்கத்தில் வைத்தீர்கள். மட்டையோரக் கருக்கின் அதே பற்கள், அதே இடைவெளி. ஒரு உள்ளங்கையில் பழையது, மறு உள்ளங்கையில் புதியது. இரண்டையும் வெயிலுக்குத் திருப்பிப் பிடித்தீர்கள்.

"ஓடாவியார், இந்த மட்டையைப் பிடிச்ச கை எப்பிடி இருந்திருக்கும்?"

"கீறி இரத்தம் வந்திருக்கும் மிஸ். கருக்கு எந்தக் காலத்திலையும் ஆள் பாக்காது."

அதையும் எழுதினீர்கள். இன்னொரு கட்டியில் ஒரு பெருவிரல் பதிந்திருந்தது. செல்வராணி தன் விரலை அதற்குள் வைத்துப் பார்த்துவிட்டு, "பொம்பள கைங்க இது" என்றாள். சாட்சி கேட்டீர்கள். "ஆம்பளைங்க இவ்வளவு நேரம் ஒழுங்கா உக்காந்து பூச மாட்டாங்க மிஸ்." நீங்கள் சிரித்தீர்கள், ஆனால் அதை எழுதாமல் விடவில்லை. "ஒருவரின் கருத்து" என்று பக்கத்தில் குறித்தீர்கள்.

வளையத்தில் வடகிழக்குப் பக்கம் மட்டும் இரண்டு குழிகளுக்கிடையே அகலம் கூட. அதுதான் வாசல் என்றீர்கள். தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்றுக்கு முதுகு காட்டி வைத்திருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். ஓலைக் கூரையைக் கட்டி முடித்த மறுநாளே சோளகம் வந்து எங்கள் முடிச்சுகளைச் சோதித்தது. கூரை எழும்பி, காற்றையே எதிர்த்துத் தலைமன்னாரைக் கடந்து, கடலையும் கடந்து, தனுஷ்கோடியில் ஒரு தேநீர்க்கடைக்கு மேல் இறங்கியது. கடைக்காரர் இன்றைக்கும் எனக்கு நன்றிக் கடிதம் போடுகிறார். இரண்டாவது கூரையைத் தாழ்வாக இறக்கி, பனைநாரால் இரட்டை முடிச்சுப் போட்டோம். அது நின்றது.

மிஸ், இனி வருவது பன்னிரண்டாவது குழி.

வரைபடத்தில் இருந்தபடி வாசலுக்கு உள்ளே இரண்டு எட்டில் அந்தக் கம்பை நட்டோம். அன்றிலிருந்து எங்கள் நால்வரின் நெற்றியிலும் புடைப்பு. வெளிச்சத்திலிருந்து குனிந்து உள்ளே வருகிறவனுக்கு அது தெரியாது, நிமிர்ந்தவுடன் தெரியும்.

"மருமகன்மாருக்கு எண்டு வச்சிருப்பான்" என்றார் காதர் நானா. "மாமியார் வீட்டுக்கு அடிக்கடி வராமல் இருக்க."

ஆனால் உங்களுக்கு அது பகிடி இல்லை. பழைய குழியைத் தோண்டினபோது, அடியில் சுண்ணாம்புபோல் மண் இறுகிப் படர்ந்த ஒரு சங்குத் துண்டு கிடந்தது. வீட்டின் நடுவே தேவையில்லாத ஒரு தூண். தூணின் காலடியில் கடலிலிருந்து கொண்டுவந்த ஒரு சங்கு. "காணிக்கை" என்று முணுமுணுத்தீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து துப்புரவாக்குகிற ஆள் வரும்வரை தொடக்கூடாது என்று சங்கைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்தீர்கள்.

எனக்கு முதல் நாளே தெரியும் மிஸ். குழிகளுக்குப் பக்கத்தில் நிற்கிற அந்த இரண்டு பாலை மரங்களையும் கண்டவுடனேயே தெரியும். அது நான் தோண்டின குழி.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் நட்ட கம்பு எதற்கும் அதுவரை அப்படியொரு மரியாதை கிடைத்ததில்லை. ஒரு மாதம் அந்தத் தூணைச் சுற்றி வந்து கும்பிட்டேன். அதற்குப் பெருவிழா எடுக்க வேண்டும், கொடியேற்ற வேண்டும் என்றெல்லாம் யோசனை சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். எனக்கும் பெருமை தாங்காத புளுகமாக இருந்தது.

பிறகு ஒரு பின்னேரம், வீட்டுக்குள்ளே பாயில் இருந்து, அடுத்த கிழமை வரவிருந்த ஆய்வாளர்களுக்கு முன்னால் பேசப்போகிற பேச்சை எங்களுக்கு வாசித்துக் காட்டினீர்கள். ஓய்வு பெற இன்னும் சில மாதம்தான். முப்பது வருடம் மற்றவர்கள் கண்டுபிடித்ததற்கெல்லாம் அளவெடுத்து, இலக்கம் போட்டு, படம் கீறிக் கொடுத்த நீங்கள், உங்கள் பேரில் சொல்லப்போகிற முதல் வீடு இது. அந்தப் பேச்சின் இதயமே பன்னிரண்டாவது குழிதான். முதல் மாதம் "வழிபாட்டுத் தூணாக இருக்கலாம்" என்று சொன்னீர்கள். அன்று வாசித்ததில் அந்த "இருக்கலாம்" இல்லை. அது போன இடத்தை நான் தேடினேன். வருகிறவர்களில் அலவாங்கு பிடித்த ஒருவன் இருந்தால், உங்கள் முப்பது வருடத்துக்கும் சேர்த்துச் சிரிப்பான்.

"மிஸ், அது என்ரை குழி" என்றேன்.

"ஓம் மிஸ்" என்றார் காதர் நானா. "தலைமன்னார் வெளிச்சவீட்டையும் இவர்தான் நட்டவர். கேட்டுப் பாருங்கோ."

"அண்ணே, மிஸ் பாவம். இன்னைக்கு மட்டும் விடுங்க" என்றாள் செல்வராணி.

நீங்கள் கொப்பியை மூடினீர்கள். "என்னத்துக்குத் தோண்டினனீங்கள்?"

"கழுதை கட்ட."

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். என் நாக்கு என்னைக் கேட்டா நடக்கிறது? அந்தக் கழுதை செபமாலை சொல்லும், பூசைக்கு முதல் வரிசையில் நிற்கும், பங்குச் சுவாமியே அதனிடம்தான் மழை வருமா என்று விசாரிப்பார் என்று அளந்துகொண்டே போனேன். உங்கள் முகம் இறுகியது. நான் உங்களை அப்படிக் கண்டதில்லை.

"ஓடாவியார், பகிடிக்கும் ஒரு நேரம் இருக்கு. இது என்ரை வாழ்க்கை."

உண்மையைச் சொல்லி நம்பப்படாமல் நிற்கிறது என்னவென்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஊரெல்லாம் நான் விட்ட பொய்கள் வந்து எனக்கு முன்னால் வரிசையில் நின்று பல்லைக் காட்டின. வேறு வழி தெரியாமல் உங்கள் இரண்டு சொல்லையே எடுத்தேன்.

"சாட்சி இருக்கு மிஸ். என்ரை அலவாங்கு. அதின்ரை கூர் வாயிலை ஒரு துண்டு உடைஞ்சது. அந்தக் காலத்திலையே உடைஞ்சது."

நீங்கள் என்னை நம்பவில்லை. அலவாங்கை நம்பினீர்கள். எழும்பிப் போய் மணலை வழித்து, தொடாமல் விட்டிருந்த பாதி மண்ணைச் சின்னக் கரண்டியால் சுரண்டத் தொடங்கினீர்கள். முதல் தோண்டின பாதியில் உதிர்ந்துபோன களிச்சுவர் இங்கே முழுசாகத் தெரிந்தது. நேர்கோடாகக் கீழே இறங்கின தழும்புகள். ஒவ்வொன்றின் நடுவிலும் மெல்லிய மேடு, உடைந்த வாய் விட்டுப்போன இடம். நான் அலவாங்கைக் கொண்டுவந்து பக்கத்துக் களியில் ஒரு குத்துக் குத்தினேன். அதே மேடு.

குப்புறப் படுத்தபடியே கிடந்தீர்கள். அழுகிறீர்கள் என்று நினைத்து நான் தொப்பியைக் கழற்றினேன். நீங்கள் அழவில்லை. குத்துகளை எண்ணிக்கொண்டிருந்தீர்கள்.

"இடக்கையாலை குத்தியிருக்கு" என்றீர்கள் குழிக்குள்ளிருந்து. "நீங்கள் இடக்கைக்காரரோ?"

"ஓம் மிஸ்."

"அப்ப நீங்கள்தான்."

அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைத் திறந்து சங்கை எடுத்தீர்கள். இனி அதைப் பொத்திப் பொத்தி வைக்கத் தேவையில்லை அல்லவா? ஒரு வாளித் தண்ணீரும் பல்தூரிகையுமாக இருந்து தேய்த்தீர்கள். மண் கட்டி கட்டியாகக் கழன்றது. உள்ளேயிருந்து வெள்ளையாக, சின்னதாக, வாய் அறுத்து மழுக்கின ஒரு பக்கம் வந்தது. விரலால் அந்த விளிம்பைத் தடவிப் பார்த்தீர்கள். பிறகு கேட்டீர்கள்:

"ஓடாவியார், கழுதைக்குச் சங்கிலையோ பால் பருக்கினனீங்கள்?"

காதர் நானா சிரிக்க வாயைத் திறந்தார். என் முகத்தைக் கண்டுவிட்டு மூடிக்கொண்டார்.

நான் அன்று பேசின அளவுக்குக் குறைவாக என் வாழ்க்கையில் பேசியதில்லை. சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடின வருடம். மகள் பிறந்து பதினொரு நாள். வண்டிலில் ஏற்றிவந்ததை அந்தப் பாலை மரங்களுக்குப் பக்கத்தில் இறக்கும்போது, பிள்ளைக்குப் பால் பருக்குகிற சங்கு கைதவறி விழுந்து உடைந்தது. வீட்டை விட்டுவரும்போது என் மனிசி அழவில்லை. நான் என் கையால் கட்டின தோணி எரிந்தபோதும் அழவில்லை. சங்குக்கு அழுதாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தங்குவதற்குக் கூடாரமாகத் தறப்பாள் கட்ட, நடுக்கம்பு நட ஒரு குழி தோண்டியிருந்தேன். சங்கை அதற்குள் வைத்து, "பெரிய மாளிகையளுக்கு அடியிலை பொன் வைப்பினம். எங்கடை மாளிகைக்கு இது" என்று சொல்லி, மேலே கம்பை நட்டேன். நான் விட்ட முதல் பெரும்புளுகு அதுவாக இருக்கலாம்.

"தறப்பாளுக்குக் கீழை இருந்தனான் எண்டு சொல்லுறதைவிட, கழுதை வச்சிருந்தனான் எண்டு சொல்லுறது லேசு மிஸ்" என்றேன்.

காதர் நானா தூரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உங்களுக்குத் தறப்பாளாவது இருந்திருக்கு. எங்களை ஊரைவிட்டுக் கலைச்சு, புத்தளத்துக்குப் போன புதுசிலை நாங்கள் சாரத்தைக் கட்டி மறைச்சனாங்கள்."

செல்வராணி தேத்தண்ணி வைக்கப் போனாள்.

நீங்கள் சங்கை உள்ளங்கையில் வைத்தபடி இருந்தீர்கள். "காணிக்கை எண்டு நான் நினைச்சது முழுக்கப் பிழை இல்லை. காலம்தான் பிழை" என்றீர்கள்.

மறுநாள் காலை புதிய வீட்டிலிருந்த பன்னிரண்டாவது கம்பைப் பிடுங்கச் சொன்னீர்கள். பிடுங்கினோம். உள்ளே போனோம். நெற்றிகள் பிழைத்தன. செல்வராணி பாயில் நீட்டி நிமிர்ந்து படுத்துப் பார்த்துவிட்டு, "இப்பத்தாங்க இது மனுசங்க வீடு" என்றாள். பதினொரு கம்பு வீட்டில் நான்கு பேர் கால் நீட்டிப் படுக்க இடமிருந்தது. ஒரு மாதமாகச் சாமிக்குக் கொடுத்த இடம்.

நீங்கள் ஒருவருக்கும் சொல்லாமல் விட்டிருக்கலாம். கம்பைப் பிடுங்கியாயிற்று, குழியை மூடியாயிற்று. என்னிடமிருந்து உண்மை வெளியே போனாலும் யார் நம்பப்போகிறார்கள்? அதையும் உங்களிடம் சொன்னேன். "நான் நம்பிப்போட்டன். இனி என்ன செய்யிறது?" என்றீர்கள்.

ஆய்வாளர்கள் வந்தார்கள். நான் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வேலியோரம் நின்றேன். பேச்சைத் தொடங்கினவுடனேயே, அவர்களுக்கு முன்னமே அனுப்பியிருந்த கட்டுரையில் பன்னிரண்டாவது குழியைப் பற்றி எழுதியதெல்லாம் பிழை என்றீர்கள். முன்வரிசையில் ஒருவர், இரக்கமும் சிரிப்பும் சரிபாதியாகக் கலந்த முகத்தோடு கேட்டார்: "அப்படியென்றால் உங்கள் பிரதான வாதம்?"

"இல்லாமல் போய்விட்டது" என்றீர்கள். "பதிலாக இன்னொரு வீடு கிடைத்திருக்கிறது. அதைக் கட்டினவர் அங்கே நிற்கிறார். கேளுங்கள்."

கட்டடக்கலைச் சக்கரவர்த்தி வேலியை விட்டு முன்னே வந்தார். ஒரு பொய்கூட வாயில் வரவில்லை மிஸ். ஒருவர் கேட்டார்: ஏன் இந்த இடத்தைத் தெரிந்தெடுத்தீர்கள்? மழைத்தண்ணி நிக்காத மேடு, பாலை மரம் காற்றை மறிக்கும் என்றேன். வாசல் எந்தப் பக்கம்? சோளகத்துக்கு முதுகு, வடகிழக்கே வாசல் என்றேன். எதிரே நின்ற, பழைய வீட்டின் அளவில் எழுப்பின வீட்டின் வாசலும் அதே பக்கம் என்று சொல்லி வாய் மூடுமுன் எனக்கே மயிர் கூச்செறிந்தது. அப்போது நீங்கள் கேட்டீர்கள், எல்லோருக்கும் முன்னால்:

"மாரிக்கு என்ன செய்தனீங்கள்? வாடைக் காத்தோடை மழை வடகிழக்கிலிருந்தெல்லோ அடிக்கும்?"

"மாரி துவங்க முந்தி வெளிக்கிட்டிட்டம் மிஸ். வாசலுக்காலை அடிச்சு ஊத்தும். இருக்கேலாது."

நீங்கள் அந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தீர்கள். வந்தவர்களும் பார்த்தார்கள். அந்தக் காலத்து மனிதரும் மழைக்கு முன்னமே வேறெங்கோ போகிறவர்களா? இது ஒரு சோளகத்து வீடு மட்டும்தானா? அப்படியென்றால் அவர்களுடைய மாரி வீடு எங்கே? முன்வரிசைக்காரர் பேனாவை எடுத்தார். நீங்களும் குனிந்து கொப்பியில் எழுதினீர்கள். நான் எட்டிப் பார்த்தேன். "இருக்கலாம்" என்று எழுதி, இரண்டு கோடு போட்டிருந்தீர்கள். பிறகு வந்த உங்கள் அறிக்கையில், வீடு 2 என்ற தலைப்பின் கீழ், சாட்சி: ஓடாவியார் என்று இருந்தது. என்னை ஊரில் ஒரு குடும்பச் சண்டைக்குக்கூட எவரும் சாட்சிக்குக் கூப்பிட்டதில்லை.

அந்த வீட்டைப் பராமரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். "விழட்டும். எப்பிடி விழுகுது எண்டு பாக்கோணும். விழுறதும் சாட்சி." மாதம் ஒரு தரம் போய்ப் பார்த்து எழுத ஒரு கொப்பி தந்தீர்கள். பொய் எழுதக்கூடாது என்ற ஒரே நிபந்தனை. கடைசிப் பக்கத்தில் "வீடு 2" என்று உங்கள் கையால் தலைப்புப் போட்டு, கீழே வெறுமையாக விட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஏலாமல் இருந்ததை நீங்கள் எங்களுக்குச் சொல்லவில்லை. அடுத்த மாரியில் செல்வராணிதான் தொலைபேசியில் அழுதாள்.

நான் போகிறேன் மிஸ், ஒவ்வொரு மாதமும். தெற்குச் சுவரில் கறையான் ஏறியது, கூரை வாசல் பக்கம் சரிந்தது, மூன்றாவது கம்பு அடியில் உக்கியது என்று எழுதுகிறேன். கூரை சரிந்ததை எழுதும்போது, அது சரிந்த சத்தத்தில் திருக்கேதீஸ்வரத்துப் புறாக்கள் அநுராதபுரம் போய்விட்டன என்று சேர்க்க எவ்வளவு ஆசை! கையைக் கட்டிக்கொண்டு திரும்பி வருகிறேன். கடைசிப் பக்கம் மட்டும் ஒரு வருடத்துக்கு மேலாக வெறுமையாகவே கிடந்தது. எழுதத் தொடங்குகிற ஒவ்வொரு தரமும் எங்கிருந்தோ அந்தக் கழுதை வந்து குறுக்கே நின்றது.

இன்று படலைக் கம்பை நட்டுவிட்டு வந்து, கையைக் கழுவி, எழுதினேன். மனிசி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தாள். "இதிலை பொய் ஒண்டையும் காணேல்லை. காய்ச்சலோ?" என்று என் நெற்றியில் கை வைத்தாள். பிறகு ஒரு சொல்லைத் திருத்தினாள்: நான் "உடைந்த சங்கு" என்று எழுதியிருந்தேன், "நான், உன்ரை மனிசி, உடைச்ச சங்கு எண்டு எழுது" என்றாள்.

இந்த மடலில் உள்ளதை எவரும் நம்பத் தேவையில்லை. என் தாடி முழங்காலைத் தொட்டதில்லை. கூரை பறந்து விழுந்தது அடுத்த பற்றைக்குள்தான். ஆனால் அந்தக் கடைசிப் பக்கத்தில் இருக்கிற சின்னத் துண்டு மட்டும் நடந்தது. உங்கள் கொப்பிக்காக அதை அப்படியே கீழே தருகிறேன்.

வீடு 2. தறப்பாள் ஒன்று. நடுக்கம்பு ஒன்று, அலவாங்கால் தோண்டி நட்டது. அடியில் மனைவி உடைத்த சங்கு. வாசல் வடகிழக்கு. இருந்த ஆட்கள் மூன்று, ஒருத்திக்கு வயது பதினொரு நாள். மாரிக்கு முன் வெளிக்கிட்டோம். கழுதை இல்லை.